குழந்தையும் தோட்டத்துச் சிற்றுயிர்களும்

குழந்தையைப் பற்றிய பேச்சைக் கல்லூரி மாணவர்களிடம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் ஐயுறலாம். உங்களுள் பலருடைய இல்லங்களில் நான்கைந்து வயதுடைய தம்பியோ தங்கையோ, அக்காள் மகனோ மகளோ இருக்கக்கூடும். "இவளைச் சற்று நேரம் பார்த்துக்கொள்" என்று அன்னையார் ஒரு மாலைப்பொழுதில் அப்பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறார். கைப்பேசியைக் கையில் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைப்பது எளிது. அவ்வாறு செய்யாமல் பிள்ளையைக் கொல்லைப்புறத்திற்கு அழைத்துச் சென்றால் அங்கே என்னென்ன காணலாம் என்பதையே இன்று சொல்லப் போகிறேன். இதனால் குழந்தை அடையும் நன்மையைவிட நீங்கள் அடையும் நன்மையே பெரிது என்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற பின், என் பெயர்த்தியோடு தோட்டத்தில் உலவித் தெரிந்துகொண்ட செய்தி. அவளுக்கு இப்போது ஐந்து வயது.

தோட்டம் என்றால் பூங்கா வேண்டுவதில்லை. கிணற்றடியில் ஒரு வாழை, துணி துவைக்கும் கல், நான்கு பூந்தொட்டிகள், சுவரோரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி, இவை போதும். மாடி வீட்டில் குடியிருப்போர்க்கு இரண்டு தொட்டியே போதும். முதலில் செய்ய வேண்டியது உட்காருதல். குழந்தையின் கண் தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. நம் கண் ஐந்தரை அடியில் இருக்கிறது. நாம் செடியைப் பார்க்கும் இடத்தில் அவள் செடியின் அடியைப் பார்க்கிறாள். ஆசிரியப் பயிற்சியில் எனக்குக் கற்பித்த குழந்தை உளநூல் அனைத்தையும் விட இந்த இரண்டரை அடி வேற்றுமை எனக்கு அதிகமாகக் கற்பித்தது.

பூந்தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது ஒரு கலை. தொட்டியையோ கல்லையோ நமக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பிடித்து நம்மை நோக்கிச் சாய்க்கக் கூடாது என்று சிலர் எண்ணுவர். அதுவே சரியான முறை. அப்போது அடியிலிருக்கும் உயிர் வெளிப்பட்டால் நமக்கு அப்பால் ஓடும். நம் காலை நோக்கி வாராது. தேளும் பூரானும் நம் நாட்டுக் கொல்லைகளில் உண்டு. ஆதலால் கல்லைப் புரட்டுவது பெரியவர் வேலை, பார்ப்பது குழந்தையின் வேலை என்று தொடக்கத்திலேயே வகுத்துவிட வேண்டும். பார்த்து முடிந்ததும் கல்லைப் பழைய இடத்திலேயே மெல்ல வைக்க வேண்டும். அது ஒருவர் வீட்டுக் கூரை அன்றோ?

அக்கூரையின் கீழ்ப் பெரும்பாலும் காணப்படுவது மரவட்டை. பிள்ளைகள் அதனை ரயில் பூச்சி என்பர். அறிவியல் முறைப்படி அது பூச்சியே அன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு. எனினும் அப்பெயரை நான் திருத்துவதில்லை. அத்துணைப் பொருத்தமான பெயரை எந்த நூலும் வைத்ததில்லை. மரவட்டைக்கும் பூரானுக்கும் வேற்றுமை காட்டுவது மட்டும் இன்றியமையாதது. மரவட்டையின் உடல் வளையம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு இணைக் கால்கள் இருக்கும்; மெல்ல நடக்கும்; தொட்டால் சுருளும்; உதிர்ந்த இலையை உண்டு மண்ணாக்கும். பூரானுக்கு வளையத்திற்கு ஓரிணைக் கால்களே, விரைந்து ஓடும், கடிக்கும், அதன் கடியில் நஞ்சு உண்டு. மெல்ல நடப்பது சைவம், விரைந்து ஓடுவது அசைவம் என்று என் பெயர்த்தி தனக்குத்தானே ஒரு விதி செய்து கொண்டாள். பெரும்பாலும் பொருந்தும் விதிதான். மரவட்டையைத் தொட்டால் கையைக் கழுவ வேண்டும். அதன் உடலிலிருந்து கசியும் நீர் கண்ணில் பட்டால் எரியும். ஆயிரங்கால் உள்ள மரவட்டை உண்டா என்று அவள் கேட்டாள். அண்மைக்காலம் வரை இல்லை என்றே சொல்லி வந்தனர். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்தின் கீழே மிக ஆழத்தில் 1306 கால்களையுடைய மரவட்டை ஒன்று கண்டெடுக்கப்பட்ட செய்தி 2021-இல் வெளியாயிற்று. அதற்குக் கண்களே இல்லை.

அடுத்து எறும்பு. பிள்ளையார் எறும்பு, சிற்றெறும்பு, கட்டெறும்பு, முசுறு என்று நம் சிறுவர் வகுத்து வைத்திருக்கும் எறும்பு நூல் பெரும்பாலும் ஒரே வினாவை அடிப்படையாகக் கொண்டது: கடிக்குமா, கடிக்காதா? கடிக்காத எறும்பின் வரிசை ஒன்றைச் சுவரில் தேடிக்கொள்ளுங்கள். வரிசையின் குறுக்கே ஈரவிரலால் ஒரு முறை அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். துடைத்த இடத்தில் எந்தத் தடையும் இல்லை. மேடோ பள்ளமோ இல்லை. ஆயினும் இருபுறத்து எறும்புகளும் அக்கோட்டருகே வந்து திகைத்து நிற்கும், திரும்பும், பக்கவாட்டில் அலையும். பிறகு ஒன்று துணிந்து கடக்கும், அதன்பின் மற்றொன்று. எங்கள் சுவரில் ஐந்து நிமிடத்திற்குள் வரிசை மீண்டும் ஒன்றாகிவிட்டது. எறும்பு நடக்கும்போது வயிற்றின் நுனியால் ஒருவகை மணப்பொருளைத் தடவிச் செல்கிறது. பின்வருவன அம்மணத்தைப் பின்பற்றுகின்றன. நாம் துடைத்தது அந்த மணச்சாலையை.

இலக்கியம் பயிலும் மாணவர்கள் இங்கே தொல்காப்பிய மரபியலை நினைத்துக்கொள்ளலாம். உயிர்களை அறிவின் அளவால் வகுத்த அப்பகுதி, எறும்பையும் கறையானையும் மூவறிவு உயிர்களாக வைக்கிறது. ஊறு, சுவை, நாற்றம் என்பன அம்மூன்று. காட்சியைத் தும்பியும் நண்டும் உள்ள நான்காம் வகுப்புக்கே தருகிறது. இன்று உருப்பெருக்கியில் பார்த்தால் பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் இருப்பது தெரியும். அவ்வளவில் பழைய வகுப்புத் திருத்தம் பெறுகிறது. ஆயினும் எறும்பின் உலகில் நாற்றமே தலைமை பெற்றது என்பதை, விரலால் துடைத்த கோட்டருகே நின்று பார்த்தவர் மறுக்கமாட்டார்.

சுவரோரத்தில் மழை படாத புழுதி இருக்குமானால் அங்கே குழியானை இருக்கும். சிலர் குழிநரி என்பர். புழுதியில் புனல் போன்ற சிறு குழி. அதன் அடியில் பதுங்கிய ஒரு புழு. காய்ந்த மணலைக் குவித்தால் அது ஒரு குறிப்பிட்ட சரிவில் நின்றுவிடும். அதற்குமேல் செங்குத்தாக நில்லாது. குழியானை தன் குழியை ஏறத்தாழ அந்த எல்லைச் சரிவிலேயே அமைக்கிறது. ஆகவே ஓர் எறும்பின் கால் பட்டாலும் மணல் சரிகிறது. எறும்பு ஏற முயன்றால் உள்ளிருக்கும் புழு தலையால் மணலை வாரி மேலே எறிகிறது. சரிவு மேலும் குலைகிறது. இயற்பியல் மாணவர்கள் ஒரு கிண்ணம் உலர்ந்த மணலைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இப்புழு பின்னோக்கியே நடக்கும். புழுப் பருவம் முழுவதும் கழிவை வெளியேற்ற அதற்கு வழியே இல்லை. அனைத்தையும் உள்ளேயே சேர்த்து வைத்துச் சிறகு முளைத்த பின்னரே வெளியேற்றும். (இச்செய்தியைக் கேட்ட என் பெயர்த்தி, வீட்டுக்கு வந்த விருந்தினர் அனைவருக்கும் ஒரு வாரம் வரை அறிவித்துக்கொண்டிருந்தாள்.) மணலும் பட்டிழையும் கலந்த உருண்டையொன்றைச் செய்து அதனுள் உறங்கி, பின் தட்டானைப் போன்ற மெல்லிய சிறகுயிராக வெளிவருகிறது. அமரும்போது தட்டான் சிறகை விரித்து வைக்கும். இது கூரை போல் உடல்மேல் மடித்து வைக்கும். உணர்கொம்பு தட்டானுக்கு மயிர் போல் இருக்கும்; இதற்கு நுனி தடித்திருக்கும்.

இனி எங்கள் எலுமிச்சங்கன்றின் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் மனைவி ஆவலோடு நட்டு வளர்த்த கன்று அது. நாற்பது ஐம்பது இலை விட்டிருந்தது. ஒருநாள் தளிரின்மேல் கடுகினும் சிறிய வெளிர்மஞ்சள் முட்டைகளைப் பெயர்த்தி கண்டாள். கறுப்பும் மஞ்சளும் கலந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று, இலைக்கு ஒன்றாக இட்டுச் சென்றவை. இலையின்மேல் முன்னங்காலால் தட்டிச் சுவை பார்த்து, இது தன் பிள்ளைக்கு உரிய செடிதான் என்று தெளிந்த பின்னரே அது முட்டையிடும். சில நாளில் புழுக்கள் பொரிந்தன. பொரிந்தவுடன் தம் முட்டையோட்டையே தின்றன. இளம்புழு, காக்கை எச்சம் இலைமேல் விழுந்தாற்போல் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவை அதனை உணவென்று கருதாது. வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் பெறும். அப்போது அதை மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து பிளவுபட்ட செம்மஞ்சள் கொம்பு ஒன்று திடீரென நீளும். கூடவே ஒரு நெடி வீசும். குழந்தை அதிர்ந்து பின்வாங்கினாள். பிறகு "இன்னொரு தரம்" என்றாள். ஒரு தரம் போதும் என்று நிறுத்தினேன்.

பதினோரு புழுக்கள், நாற்பது இலைகள். கணக்கு யார்க்கும் தெரியும். "செடி வேண்டுமா, புழு வேண்டுமா? இரண்டில் ஒன்று சொல்லுங்கள்" என்றாள் என் மனைவி. அவள் கூற்றில் நியாயம் இருந்தது. கன்று ஒன்றை ஆண்டு முழுதும் நீர் வார்த்து வளர்த்தவர்க்கே அதன் இலையின் விலை தெரியும். பூச்சிகளிடம் அன்பு காட்ட வேண்டும் என்று மேடையில் பேசுவோர்க்கு இழப்பதற்கு ஒரு கன்றும் இல்லை. குழந்தையோ அழத் தொடங்கிவிட்டாள். இருவரையும் உட்கார வைத்து இலைகளை எண்ணினோம். இரண்டு புழுக்களைக் கன்றிலேயே விடுவது என்றும், மற்றவற்றைக் கோயில் நந்தவனத்து வில்வமரத்திற்குக் கொண்டு செல்வது என்றும் தீர்ப்பாயிற்று. எலுமிச்சையும் வில்வமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவ்வண்ணத்துப்பூச்சியின் புழு இரண்டையும் உண்ணும். வேப்பமரத்தில் விட்டிருந்தால் பட்டினி கிடந்து மாண்டிருக்கும். ஒன்பது புழுக்களும் இலைகளோடு ஒரு தூக்குப் பாத்திரத்தில் பயணம் செய்தன. அர்ச்சகர் நகைத்தார், ஆனால் தடுக்கவில்லை.

கன்றில் எஞ்சிய இரண்டும் வளர்ந்து தோல் உரித்து, தண்டோடு தம்மை ஓர் இழையால் இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுக்களாயின. மின்கம்பத்தில் ஏறுவோர் இடுப்பில் வார் கட்டிச் சாய்ந்திருப்பதைப் போன்ற தோற்றம். பத்தாம் நாள் காலையில் ஒன்று பிளந்தது. கசங்கிய ஈரத்துணி போன்ற சிறகோடு வெளிவந்த பூச்சி, தண்டைப் பற்றித் தொங்கியபடி உடலின் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி அவற்றை விரித்தது. உதவுகிறேன் என்று குழந்தை கை நீட்டினாள், தடுத்தேன். ஈரச்சிறகில் விரல் பட்டால் அது என்றும் நேராகாது.

மற்றொன்று பிளக்கவில்லை. பழுப்பாயிற்று, பிறகு கருத்தது. ஒருநாள் அதில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை. அத்துளை வழியே எள்ளினும் சிறிய கருங்குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. முப்பது வரை எண்ணினோம். "பட்டாம்பூச்சி எங்கே, தாத்தா?"

அன்பர்களே, இவ்விடத்தில் என்ன விடை சொல்வீர்கள்? பறந்து போய்விட்டது என்று சொல்லலாம். ஐந்து வயதுக் குழந்தை நம்பிவிடும். அவ்வாறு சொல்லிவிடுங்கள் என்றே வீட்டார் கண்ணால் குறிப்புக் காட்டினர். ஆனால் துளை கண்முன் இருக்கிறது. அத்துளை வழியே பட்டாம்பூச்சி வந்திருக்க முடியாது என்பதைக் குழந்தையே அறிவாள். முன்னது வெளிவந்தபோது கூடு எவ்வளவு பெரிதாகப் பிளந்தது என்பதைப் பார்த்தவள் அவள். கண்ணால் கண்டதை நம்பு என்று ஒரு மாதமாகப் பழக்கிவிட்டு, இப்போது என் சொல்லை நம்பு என்று எப்படிச் சொல்வது? ஆகவே உள்ளதைச் சொன்னேன். கூடு கட்டிய புதிதில் ஒரு சிறு குளவி வந்து அதனுள் முட்டையிட்டது, அக்குஞ்சுகள் உள்ளிருந்ததை உண்டு வளர்ந்தன, இப்போது வெளிவருகின்றன.

இரண்டு நாள் அவள் தோட்டத்திற்கு வரவில்லை. "கெட்ட பூச்சி" என்றாள். அவ்வாறு சொல்லக் கூடாது என்று நான் போதிக்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே வந்து, "அந்தக் குளவிக்கு எலுமிச்சை இலை பிடிக்காதா?" என்று கேட்டாள். தின்னாது, அதற்குப் புழுவே உணவு என்றேன். "அப்படியானால் பாட்டிக்கு அது நல்ல பூச்சி" என்றாள். பாட்டி சமையலறையிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. வேளாண்மை பயிலும் மாணவர்கள் இதனைப் பாடமாகவே படித்திருப்பர். கரும்பின் இடைக்கணுப் புழுவை அடக்க, ட்ரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியை அட்டைகளில் வளர்த்து, அவ்வட்டைத் துண்டுகளைக் கரும்புத் தோகையில் கட்டிவிடும் முறை தமிழகத்து உழவர்க்குப் பழக்கமானது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அக்குளவி, புழு பிறப்பதற்கு முன்பே அதன் முட்டையை அழித்துவிடுகிறது.

குளவி என்றதும் ஒரு பழைய உவமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டி அதனையும் குளவியாக்கிவிடும் என்பர். குருவும் சீடனும், பக்தனும் இறைவனும் என்று பலவற்றுக்கு இவ்வுவமை நம் நாட்டில் பயன்பட்டது. நான் ஆசிரியனாதலால் இது எனக்கு மிகவும் பிடித்த உவமை. இருந்தும் உண்மை வேறு. நம் முன்னோர் பார்த்தது பிழையன்று. குளவி புழுவைத் தூக்கி வருவது மெய், கொட்டுவது மெய், கூட்டை அடைப்பது மெய், அடைத்த கூட்டிலிருந்து பின்னர்க் குளவி வெளிவருவதும் மெய். இடையில் உள்ளே நடந்த ஒன்றை மட்டும் அவர்கள் காணவில்லை. பானை போல் கூடு கட்டும் குளவி முதலில் கூட்டின் மேற்புறத்தில் மெல்லிய நூலொன்றில் தன் முட்டையைத் தொங்கவிடுகிறது. பின் புழுக்களைக் கொண்டுவந்து நிரப்பி வாயை மூடுகிறது. கொட்டப்பட்ட புழு சாவதில்லை; அசைவு ஒடுங்கிக் கிடக்கிறது. செத்தால் அழுகிவிடும், அசைவற்றுக் கிடந்தால் பல நாள் கெடாத உணவு.

முட்டை நூலில் தொங்குவதைக் கண்டு எழுதியவர் பிரான்சு நாட்டு ழான் ஆன்றி ஃபாபர். 1823-இல் பிறந்து 1915-இல் மறைந்த அவர், பள்ளியாசிரியராக வாழ்வைத் தொடங்கியவர். 1879-இல் செரிஞான் என்னும் ஊரில் கல்லும் முட்செடியும் மண்டிய நிலமொன்றை வாங்கி, அதனையே ஆய்வுக்கூடமாகக் கொண்டார். உழவுக்குப் பயன்படாத அந்நிலத்தைப் பூச்சிகளுக்காகவே வாங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். உள்ளே கிடக்கும் புழுக்கள் சிறிது நெளியக்கூடியவை. தரையில் இட்டால் முட்டை நசுங்கிவிடும். ஆகவேதான் நூல் என்பது அவர் தந்த விளக்கம். அவருக்குத் துணை நின்றவருள் ஒருவன் அவருடைய இளைய மகன் பால். ஓர் இரவில் பறவையளவு பெரிய அந்துப்பூச்சிகள் அறைக்குள் நிறைந்து பறப்பதை முதலில் கண்டு தந்தையைக் கூவி அழைத்தவன் அச்சிறுவனே. காலையில் கூட்டிலிருந்து வந்த ஒரு பெண் பூச்சியைத் தேடி, ஏறத்தாழ நாற்பது ஆண் பூச்சிகள் இருளில் வந்திருந்தன. அவற்றை அழைத்தது எது என்னும் வினாவிலிருந்து ஃபாபர் பல ஆண்டு ஆய்வு செய்தார். உறங்கப் போகும் நேரத்தில் கூச்சலிடுகிறான் என்று அன்று மகனை அதட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைப்பதும், தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவதும் நம் ஊர்ச் சிறுவர் விளையாட்டுகள். இவற்றைப் பெரும் பாவம் என்று சொல்லி அச்சுறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியின் வாயில் வலைத்துணி கட்டி, ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். விடுவதைக் குழந்தையின் கையாலேயே செய்விக்க வேண்டும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு மட்டும் இவ்வொப்பந்தம் இல்லை. அதன் மயிர் பட்டால் தோல் தடித்து எரியும் என்பதால் எட்ட நின்று பார்ப்பதோடு சரி.

நேரம் நெருங்குவதால் மண்புழுவைப் பற்றியும், மழைக்குப் பின் செம்பட்டு நறுக்கைப் போல் ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியைப் பற்றியும் விரிவாகச் சொல்ல இயலவில்லை. சங்கப் புலவர்கள் மூதாய் என்று பாடிய அத்தம்பலப்பூச்சிக்குக் கால்கள் எட்டு. ஆகவே அது சிலந்தியின் உறவு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வளர்ந்ததை எண்ணுங்கள், இளம்பருவத்தில் ஆறு கால்களே இருக்கும்.

எங்கள் சன்னல் சட்டத்தில் மண்கூடு ஒன்று இப்போது இருக்கிறது. வாய் மூடி இருபது நாள் ஆகிறது. அதனை உடைத்து உள்ளே பார்க்கலாமா என்று பெயர்த்தி நேற்றுக் கேட்டாள். துளையுள்ள பழைய கூட்டை உடைக்கலாம். உலர்ந்த புழுத்தோல் சில உள்ளே கிடைக்கும். துளை விழாத கூட்டை உடைத்தால் உள்ளிருப்பது வெளிவராது என்றேன். ஆகவே காத்திருக்கிறோம். காலையில் பல் துலக்கியதும் அவள் முதலில் போய்ப் பார்ப்பது அந்தக் கூட்டைத்தான். இன்று காலை வரை துளை இல்லை.